படகை எந்தத் துறையில் கட்டுவது?

கடற்கரைப் பங்குகளில் பிறந்து வளர்ந்த எங்களைப் போன்றவர்களுக்குப் படகை எங்கே நிறுத்துவது என்பது நெடுங்காலம் ஒரு கேள்வியாகவே இருந்ததில்லை. கோயிலுக்கு முன்னால் மணல் இருந்தது. கடலிலிருந்து திரும்பியதும் கட்டுமரத்தின் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே தோளில் சுமந்து சென்று மேட்டில் உலரப் போடுவார்கள். மறுநாள் விடியுமுன் அவற்றை மீண்டும் பிணைத்து அலையில் இறக்குவார்கள். யாருடைய மரம் கரையில் கிடக்கிறது, யாருடையது இன்னும் வரவில்லை என்பதைக் காலைத் திருப்பலிக்குப் போகிற பாட்டிமார்கூட ஒரே பார்வையில் சொல்லிவிடுவார்கள்.

குளச்சலுக்கு மேற்கே ஒரு சிற்றூர் எங்களுடையது. எங்கள் அப்பா கட்டுமரத்தில் தொழில் கற்றவர். 1980-களில், பெல்ஜியம் நாட்டினரான பியேர் ஜில்லே என்பவர் முன்னின்று முட்டத்தில் உருவாக்கிய ஒட்டுப்பலகை வள்ளங்கள் எங்கள் கரைகளுக்கு வந்தபோது, அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து அப்படி ஒன்றை வாங்கினார்கள். உடைகிற அலையைக் கடந்து வந்து மணலில் ஏறத்தக்கதாய் அதன் அடிப்பாகம் அமைந்திருந்தது. பின்னர் எஞ்சின் வந்தது. அதன்பின் ஃபைபர் வள்ளம் வந்தது. எத்தனை மாறினாலும் இரவில் அவை கிடந்தது எங்கள் வாசல் மணலில்தான்.

2014-ஆம் ஆண்டில் தம்பிமார் இருவரும் தங்கையின் கணவரும் சேர்ந்து, ஏற்கெனவே ஓடிய அறுபதடிப் படகு ஒன்றை வாங்கினார்கள். வீட்டுப் பெண்களின் நகைகள் அதற்காக அடகுக்குப் போயின. ஐஸும் டீசலும் ஏற்றியபின் இரண்டு மீட்டருக்கு மேல் நீரில் அமிழ்கிற படகு அது. அதை எங்கள் கரைக்குக் கொண்டுவருவது நடவாத காரியம். படகை வாங்குவதற்கு ஆறு மாதம் யோசித்த நாங்கள், அதை எங்கே கட்டுவது என்பதை ஓர் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் முடிவு செய்துவிட்டோம். இப்போது நினைத்தால் வெட்கமாகத்தான் இருக்கிறது.

அன்று எங்கள் முன் நின்ற விடை கொச்சி. தூத்தூர் வட்டாரத்து மீனவர்கள் பல ஆண்டுகளாகவே தங்கள் ஆழ்கடல் படகுகளைக் கொச்சியின் தோப்பும்படித் துறைமுகத்தில் கட்டித் தொழில் செய்து வந்தனர். சூரைக்கும் சுறாவுக்கும் அங்கே நல்ல விலை. வாங்குவோர் நிறையப் பேர். ஐஸ், டீசல், எஞ்சின் பழுது பார்ப்பவர், வலைக்கடை எல்லாம் கைக்கெட்டும் தொலைவில். எல்லாவற்றிலும் மேலாக அதன் வாய். ராபர்ட் பிரிஸ்டோ என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1920-களில் அங்கிருந்த மணல்திட்டை வெட்டி வழிசெய்த நாள்முதல், பெருங்கப்பல்கள் போய்வரும் கால்வாய் அது. ஆனி ஆடியிலும் அங்கே நுழைய அஞ்சவேண்டுவதில்லை. இந்த அளவுக்கு எங்கள் கணக்கு சரியான கணக்கே. இதனைச் சொல்லாமல் விட்டால் கொச்சிக்கு அநீதி செய்தவர்களாவோம். எங்கள் கடனில் பெரும்பகுதி அடைந்தது அந்தத் துறையில்தான்.

கணக்கில் வராதது வேறு. தம்பிமார் ஒருமுறை கடலுக்குப் போனால் முப்பது நாள், சில வேளை நாற்பது நாள். கரையேறியதும் மீன் விற்று, வலை செப்பனிட்டு, மீண்டும் ஐஸ் ஏற்றுவதற்குள் கிடைக்கிற நான்கு நாளில், இருநூறு கிலோமீட்டருக்கு மேல் இரயிலிலும் பேருந்திலும் வந்து திரும்பவேண்டும். பெரிய தம்பியின் மகள் புதுநன்மை வாங்கிய ஞாயிறன்று அவன் இலட்சத்தீவுக்கு அப்பால் இருந்தான். பங்குத் திருவிழாவுக்குக் கொடியேறும்போது எங்கள் வீட்டில் ஆண்பிள்ளை என்று நின்றவர் அப்பா ஒருவரே. ஒருமுறை இரவு பதினொரு மணிக்கு வந்த சின்னத் தம்பியைப் பார்த்து, அவனுடைய மூன்று வயது மகன் பாட்டியின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டான். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை.

2017 நவம்பர் 30-ஆம் நாள் ஒக்கிப் புயல் எங்கள் மாவட்டத்தைத் தாக்கியது. தென்னைகளும் மின்கம்பங்களும் சாய்ந்த கதையை வாசகர்கள் அறிவர். எங்கள் ஊரிலிருந்து அன்று கடலுக்குப் போன வள்ளங்களின் கணக்கு, காற்று ஓயுமுன்னரே ஊராருக்குத் தெரிந்திருந்தது. மணலில் எந்த இடம் வெறுமையாக இருக்கிறதோ, அந்த வீட்டை நோக்கிச் சனம் ஓடியது. ஆனால் எங்கள் படகு எந்த மணலில் இல்லை என்று யார் பார்ப்பது? பங்குத் தந்தை ஒரு நோட்டுப் புத்தகத்துடன் வீடு வீடாக வந்து பெயர்களை எழுதினார். படகின் எண், போனவர்களின் பெயர், புறப்பட்ட நாள் என்று அவர் கேட்டபோது, கடைசிக் கேள்விக்கு எங்களிடம் விடையில்லை. பன்னிரண்டு நாள் இருக்கும் என்றோம். அம்மா பதினைந்து என்றாள். படகில் பதினொருவர் இருந்தனர். ஐவர் எங்கள் ஊரார். மற்ற அறுவரின் வீட்டார் எங்களைத் தொலைபேசியில் அழைத்து அழைத்துக் கேட்டார்கள். அவர்களில் இருவருடைய முழுப்பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. தமிழ்நாட்டுப் பட்டியலில் அவர்கள் சேர்வார்களா, கேரளப் பட்டியலில் சேர்வார்களா என்று அதிகாரிகளுக்கும் புரியாத நாட்கள் அவை. படகிலிருந்த கம்பியில்லாக் கருவியின் குரல் சில பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால் எட்டாது. அவர்கள் இருந்ததோ அதைப்போல் பலமடங்கு தொலைவில்.

டிசம்பர் 3, ஞாயிறு. திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறும் புனித சவேரியார் திருநாளும் ஒன்றாக வந்த நாள். அன்று மாலை, அறியாத எண் ஒன்றிலிருந்து தம்பியின் குரல் வந்தது. காற்றோடு வடக்கே ஓடி மகாராஷ்டிரத்தின் தேவ்கட் துறையில் அடைந்த பல படகுகளுள் எங்களுடையதும் ஒன்று. அம்மா முழந்தாளிட்டாள். நாங்களும் முழந்தாளிட்டோம். ஆனால் அந்த நன்றியை உரக்கச் சொல்ல வாய் வரவில்லை. அடுத்த தெருவில் இரண்டு வீடுகளில் அன்றும் தொலைபேசி ஒலிக்கவில்லை. பின்னரும் ஒலிக்கவில்லை.

அந்த ஆண்டிலேயே படகைக் கொண்டுவந்து விட்டோம் என்று எழுத ஆசைதான். கடன் இருந்தது. மேலும் நாலரை ஆண்டு அது கொச்சியிலேயே கிடந்தது. ஒவ்வொரு முறை கடலுக்குப் புறப்படுமுன்னும் பதினொருவர் பெயரும் வீட்டு முகவரியும் எழுதிய தாள் ஒன்றை எங்கள் வீட்டிலும் பங்கு அலுவலகத்திலும் வைக்கவேண்டும் என்ற வழக்கத்தை மட்டும் உடனே ஏற்படுத்தினோம். மற்றப் படகுக்காரர் சிலரும் அதைப் பின்பற்றினார்கள்.

2022 ஜூன் 29, இராயப்பர் சின்னப்பர் திருநாள். அன்றைய மறையுரையில் பங்குத் தந்தை, இராயப்பருடைய சொந்த ஊர் பெத்சாய்தா என்றும், அவருடைய வீடு இருந்ததோ கப்பர்நாகுமில் என்றும் சொல்லிக்கொண்டு போனார். அவர் சொல்லவந்தது வேறெதுவோ. அப்பா மட்டும் வீடு திரும்பும் வழியில், "அவரும் துறை மாறினவர்தான் போலிருக்கிறது" என்றார். சற்று நேரம் கழித்து, "கடன் எவ்வளவு நிற்கிறது?" என்று கேட்டார். சொன்னோம். "அப்படியானால் நாளைக்கே போய்ப் பார்ப்போம், மக்களே. பார்க்கவேண்டிய மாதம் இதுதான்" என்றார்.

அவர் சொன்னதன் பொருள் எங்களுக்குப் பிறகே விளங்கியது. மார்கழியில் எந்தத் துறையும் அழகாகத்தான் இருக்கும். குளம்போல் நீர் கிடக்கும். சுவரோரம் சிறுவர் தூண்டில் போட்டுக்கொண்டிருப்பர். கச்சான் காற்று வீசுகிற ஆனி ஆடியில், அதிலும் கடல் பொங்குகிற அமாவாசை நாட்களில் போய்ப் பார்த்தால்தான் துறையின் குணம் தெரியும். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஆகையால் தம்பிமாரும் வீட்டில் இருந்தனர். வள்ளங்கள் மட்டும் போய்வரும். அவை நுழைவதைப் பார்த்தே வாயை எடைபோடலாம்.

முதலில் தேங்காய்ப்பட்டணம். எங்களுக்கு எட்டுகிற தொலைவில் இருக்கிற புதிய துறை. அதன் அலைத்தடுப்புச் சுவரின்மேல் காலை ஏழு மணிக்கு உட்கார்ந்த அப்பா, நண்பகல்வரை எழவில்லை. ஒரு வள்ளம் வெளியே, அலை உடைகிற இடத்துக்கு அப்பால், அரைமணி நேரம் நின்று அலைகளை எண்ணிக்கொண்டிருந்தது. பெரிய அலைகள் அடுத்தடுத்து வந்துபோன ஓர் இடைவெளியில் எஞ்சினை முறுக்கிக்கொண்டு உள்ளே பாய்ந்தது. அதுவரை நாங்கள் யாரும் பேசவில்லை.

அப்பா எங்களுக்குக் காட்டியது இதுதான்: அலையின் உயரத்தைப்போல் ஏறக்குறைய ஒன்றேகால் மடங்காக ஆழம் குறையும்போது அலை உடைகிறது. ஆகவே இரண்டு மீட்டர் அலை ஓரிடத்தில் வெள்ளையாய் உடைந்தால், அங்கே ஆழம் இரண்டரை மீட்டர்தான் என்று பொருள். எங்கள் படகோ சுமையோடு இரண்டு மீட்டருக்கு மேல் அமிழ்வது. அலையின் பள்ளத்தில் இறங்கினால் அடி தட்டும். தட்டாவிட்டாலும், பின்னாலிருந்து வருகிற அலை படகின் பின்புறத்தைத் தூக்கும்போது சுக்கானுக்குப் பிடிப்பு இல்லாமற் போகும். படகு குறுக்கே திரும்பும். அடுத்த அலை அதைப் புரட்டும். இதனை அவர் கணிதமாகப் படித்தவரல்லர். ஆயினும் எங்கள் வீட்டில் பள்ளியாசிரியராய் இருப்பவர் பின்னர்ப் புத்தகத்தில் பார்த்தபோது, கணக்கு அப்படியே இருந்தது.

அந்தத் துறையின் வாயருகே குழித்துறைத் தாமிரபரணி கடலில் சேர்கிறது. தென்மேற்குப் பருவமழையில் ஆறு வெளியே தள்ளும். கடல் உள்ளே தள்ளும். இரண்டும் எதிர்ப்படும் இடத்தில் அலை செங்குத்தாக எழும், மணலும் சேரும். அந்த வாயில் வள்ளங்கள் கவிழ்ந்து மீனவர் பலர் இறந்ததும், சுவரை நீட்டவும் மணலை அள்ளவும் வேண்டி எங்கள் மக்கள் போராடியதும் நாடறிந்த செய்தி. மணல் அள்ளப்பட்டால் வாய் திறக்கும். அடுத்த ஆடியில் மீண்டும் அடையக்கூடும். "வீட்டுக்குப் பக்கம்தான். ஆனால் என் பிள்ளைகளுக்கு இது வேண்டாம்" என்று சொல்லி அப்பா எழுந்தார்.

மறுவாரம் சின்னமுட்டம் போனோம். கன்னியாகுமரிக்குக் கிழக்கே இருப்பதால் கச்சான் காற்றுக்கு முனையே மறைவு. ஆடியில் அங்கே கடல் அமைதியாயிருந்ததைக் கண்டு தம்பிமார் மகிழ்ந்தனர். ஆனால் கிழக்குக் கரைக்குத் தடைக்காலம் வேறு. அங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. எங்கள் படகு தொழில் செய்வது மேற்கே. ஒவ்வொரு முறையும் முனையைச் சுற்றிவர டீசல் எரியும். வீட்டிலிருந்து பேருந்தில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். உபகார மாதா கோயிலில் செபித்துவிட்டுத் திரும்பினோம்.

முட்டத்தையும் பார்த்தோம். அப்பாவுக்குத் தமது பழைய ஒட்டுப்பலகை வள்ளத்தின் நினைவு வந்து, துறையைப் பார்ப்பதைவிட அதைப்பற்றியே அதிகம் பேசினார். அதனால் அன்று ஒன்றும் தீர்மானமாகவில்லை.

கடைசியாகக் குளச்சல். 1741-இல் டச்சுக்காரரை மார்த்தாண்ட வர்மாவின் படை முறியடித்த கடற்கரை என்று பிள்ளைகள் பாடத்தில் படிக்கிற இடம். அதற்கு முன்னும் பின்னும் அங்கே கப்பல்கள் வந்ததற்குக் காரணம், கரைக்கு அப்பால் கடலுக்குள் நிற்கிற பாறைகள். மனிதர் போட்ட கல்லைவிட ஆண்டவர் போட்ட கல்லில் அப்பாவுக்கு நம்பிக்கை அதிகம். 2004 டிசம்பர் 26 அன்று அந்தப் பாறைகள் ஊரைக் காக்கவில்லை என்பதையும் அவர் மறந்தவரல்லர். சுனாமியில் குளச்சலில் மாண்டவர்களுள் எங்கள் உறவினரும் உண்டு. ஆயினும் ஆண்டுதோறும் வருகிற கச்சானுக்கு என்ன செய்வது என்பதே அன்றைய கேள்வி.

அங்கே அவர் வாயை மட்டும் பார்க்கவில்லை. உள்ளே கட்டிக்கிடந்த படகுகளின் கயிறுகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். கயிறு சுவரில் உராய்ந்து நைந்திருந்தால், உள்ளேயும் நீர் ஆடுகிறது என்று அர்த்தமாம். படகின் விலாவில் கட்டிய டயர்கள் எந்தப் பக்கம் கிழிந்திருக்கின்றன என்று பார்த்தார். பிறகு ஏலக்கூடத்தின் ஓரத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு முதியவளிடம், "ஆடி அமாவாசையில் இந்தப் படகுகள் எப்படிக் கிடக்கும், தாயே?" என்று கேட்டார். "மேற்கே கட்டினது ஆடும் அண்ணே, கிழக்கே கட்டினது தூங்கும்" என்றாள் அவள். அலுவலகத்தில் கேட்டிருந்தால் இத்தனை சுருக்கமாய்ச் சொல்லியிருப்பார்களா என்பது ஐயமே.

வீட்டில் அன்றிரவு நடந்த பேச்சு அமைதியானதென்று சொல்ல இயலாது. குளச்சலில் விசைப்படகுகள் நெருக்கமாய் நிற்கின்றன. அறுபதடிப் படகுக்கு நல்ல இடம் கிடைக்கக் காத்திருக்கவேண்டும். சூரைக்குக் கொச்சி விலை கிடையாது. மச்சான் தாளில் கூட்டிக் கழித்து, ஆண்டுக்கு இவ்வளவு நட்டம் என்று ஒரு தொகையை வட்டமிட்டுக் காட்டினார். அவர் சொன்னதில் பிழையில்லை. அந்தப் பணத்தில் தங்கையின் பிள்ளை கல்லூரி படிக்கவேண்டும். அம்மா அந்தத் தாளைக் கையில் எடுக்கவுமில்லை. "புயல் வந்தால் நான் பேருந்து ஏறிப் போய்ப் பார்க்கிற துறையில் கட்டுங்கள். படகு இல்லையென்றால் இல்லை என்று என் கண்ணால் பார்த்துக்கொள்வேன். யாரையும் தொலைபேசியில் கேட்கமாட்டேன்" என்றாள்.

கடைசியில் இருவர் சொல்லையும் கேட்டு நடந்தோம். படகின் துறை குளச்சல். நல்ல பாடு கிடைத்தால் கொச்சியில் மீனை இறக்கிவிட்டுத் திரும்பலாம். அப்பா மேலும் ஒன்று சேர்த்தார். தடைக்காலம் ஜூலை 31-இல் முடிகிறது. ஆனால் கச்சானுக்கு நாட்காட்டி தெரியாது. ஆகஸ்டு தொடக்கத்திலும் எல்லா வாய்களிலும் கடலடி உண்டு. ஆகவே மாதாவின் விண்ணேற்புத் திருநாளான ஆகஸ்டு 15 கழியாமல் எங்கள் படகு துறையைவிட்டு நகரக்கூடாது. அந்த இரண்டு வாரத்தில் தொழிலாளர் சிலர் வேறு படகு ஏறிவிடுகிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் மச்சானுக்கும் அப்பாவுக்கும் இதன்மேல் வாக்குவாதம் நடக்கிறது.

ஒரு செய்தியைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. எந்தத் துறைமுகச் சுவரும் கடலோரம் ஓடுகிற மணலை மறிக்கிறது. ஒரு பக்கம் மணல் சேர, மறுபக்கத்துக் கரை அரிக்கப்படுகிறது. நாங்கள் நிம்மதியாய்ப் படகு கட்டுகிறபோது, எங்கோ ஒரு பங்கில் ஒரு வீட்டின் பின்சுவர் கடலுக்குப் போய்க்கொண்டிருக்கலாம். எங்கள் ஊர்க் கோயிலின் முன்னிருந்த மணலிலும் இன்று பாதிக்குமேல் இல்லை. அதன் இடத்தில் கருங்கல் தடுப்பு நிற்கிறது. கட்டுமரம் காயப்போட்ட மேடு எது என்று பிள்ளைகளுக்குக் காட்டமுடியவில்லை.

2022 செப்டம்பர் 8, மாதாவின் பிறந்தநாளன்று பிற்பகலில் படகு குளச்சலுக்கு வந்து சேர்ந்தது. பங்குத் தந்தை தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். சின்னத் தம்பியின் மகன், இப்போது பள்ளிக்குப் போகிறவன், அணியத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்கமாட்டேன் என்றான். அம்மா கொண்டுவந்த சோற்றுப் பொதியைப் பதினொருவருக்கும் பங்கிட்டாள். அப்பா படகில் ஏறவில்லை. கட்டுக் கயிற்றை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். மேற்குப் பக்கத்து விலாவில் இன்னும் இரண்டு பழைய டயர் கட்டச் சொன்னார்.